ஆற்றுப்படுத்தும் ஆறு

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். ஓடும் நீருக்கும் நடக்கும் பாதைக்கும் ஒரே பெயரை வைத்த நம் முன்னோர், நதி இறங்கி வரும் பள்ளத்தாக்கே மனிதன் மலையேறிச் செல்லும் முதற்சாலை என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். பரிசில் பெற்று மீள்வோன், எதிர்ப்படும் வறியோனுக்கு வழிகூறி அனுப்பும் இலக்கிய வகைக்கு ‘ஆற்றுப்படை’ எனப் பெயர் அமைந்ததும் இப்பொருளிலேயாம். இதனை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் கூறி வருகிறோம்.

சென்ற ஆண்டு மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, இதில் சொல்வது போன்ற மலைவழியில் நீங்கள் நடந்ததுண்டா?” என்று வினவினார். “உண்டு” என்றோம். “வழி தப்பாமல் போய் வந்தீர்களா, ஐயா?” என்று மீண்டும் கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்து வைத்தோம். ஆயினும் அவ்வினாவுக்கு உரிய விடையை அன்று கூறினோமில்லை. இம்மலரின் வாயிலாக அதனைக் கூற முற்படுகிறோம்.

எமக்கு நன்கு அறிமுகமான பள்ளத்தாக்கு ஒன்றே. அது பொருநைப் பள்ளத்தாக்கு. பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் வற்றாத ஆறாகும். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்னும் துணையாறுகளையும் கூட்டிக்கொண்டு, எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள் வழியே 86,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அது நனைக்கிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து வரும் பாளையங்கால்வாய் அவற்றுள் ஒன்று. மேலப்பாளையத்தில் எம் தந்தையார் தறி நெய்த வீட்டிலிருந்து அக்கால்வாய் கூப்பிடு தொலைவுதான். தறியின் ஓசையும் கால்வாயில் துணி துவைக்கும் ஓசையுமே எம் இளமையின் இசை.

1990 ஆம் ஆண்டு. எமக்கு வயது பத்து. பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரிக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். மறுநாள் எம் தந்தையார் எம்மை மட்டும் அழைத்துக்கொண்டு பாபநாசத்துக்குப் பேருந்து ஏறினார். அங்கிருந்து மற்றொரு பேருந்து, வளைந்து வளைந்து மலையேறிக் காரையாற்று அணையருகே எம்மிருவரையும் இறக்கிவிட்டது. அந்நாளில் அணைநீரில் படகு ஓடிற்று. படகு சேரும் மறுகரையில் பாணதீர்த்தம் அருவி. பின்னாளில் அப்படகுப் போக்குவரத்து நின்றுபோயிற்று என்றாலும், நீருக்கு நடுவே இருந்துகொண்டு அவ்வருவியை முதன்முதலாகக் கண்ட காட்சி எம் நெஞ்சில் இன்றும் பசுமையாக உள்ளது.

அருவிக்கரையில் லுஹர் தொழுகைக்காகத் தந்தையார் உளூச் செய்தார். ஒரு சிறு செம்பில் நீரை மொண்டு, அந்தச் செம்பு நீருக்குள்ளேயே முகம், கை, தலை, கால் அனைத்தையும் முடித்துக்கொண்டார். அருகில் ஆறே கொட்டிக்கொண்டிருந்தது. “ஏன் வாப்பா, இவ்வளவு தண்ணி கிடக்கே?” என்று கேட்டோம். “ஆத்தங்கரையில இருந்தாலும் வீணாக்கக் கூடாதுன்னு நம்ம நாயகம் சொல்லியிருக்காங்க” என்றார். பிறகு மேலே கருத்துக் கிடந்த காட்டைச் சுட்டிக்காட்டி, “நம்ம கால்வாயில வர்றது இந்தத் தண்ணிதான். இங்க இது இப்படியே இருந்தாத்தான் அங்க அது வரும்” என்றார். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே அறிந்த ஒரு நெசவாளர் அன்று எமக்கு நடத்திய பாடம் அவ்வளவே. அதன் முழுப்பொருள் எமக்கு விளங்க முப்பது ஆண்டுகள் பிடித்தன.

ஈராண்டு கழித்து, 1992 நவம்பரில், பெருமழையால் பொருநையில் வெள்ளம் புரண்டது. தந்தையார் எம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று மேட்டில் நின்று காட்டினார். செந்நீரில் மரங்கள் வேரோடு மிதந்து வந்தன. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. எம் கையை மட்டும் இறுகப் பற்றியிருந்தார்.

பின்னர்த் தமிழ் பயின்று, 2004 இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு மலைபடுகடாத்தையே ஆய்வுப்பொருளாகக் கொண்டோம். பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்கும் அந்நூல் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் அதற்குண்டு. பெருங்கௌசிகனார் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை உரைக்கிறார். அவர் உரைக்கும் திறம் வியக்கத்தக்கது. பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், பாம்பு எங்கு உறையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எப்பாறை வழுக்கும் என்றெல்லாம் எடுத்துரைத்துக் காத்துச் செல்லுமாறு பணிக்கிறார். இவ்வெச்சரிக்கைகளை வகைப்படுத்தி, அட்டவணை வரைந்து, ஆய்வேடு அளித்தோம். புறத்தேர்வாளர் பாராட்டினார். ஆற்றங்கரைச் சிறுவனாக ஒருமுறை படகேறியதைத் தவிர, எந்தக் காட்டுவழியிலும் கால் வைக்காமலே காட்டுவழி பற்றிய ஆய்வேட்டை முடித்த பெருமை எம்முடையது!

2006 செப்டம்பர்த் தொடக்கத்தில், பணியில் சேர்ந்த மறு ஆண்டு, துறை மாணவர்கள் இருபத்திருவரை முண்டந்துறைக் காட்டுக்கு அழைத்துச் சென்றோம். வனத்துறையின் இசைவு பெற்று, குறித்த பாதையில் குறித்த இடம் வரை சென்று மீள்வது என்பது ஏற்பாடு. வழிகாட்டியாகக் காணிக்காரப் பெரியவர் ஒருவர் உடன் வந்தார். பாதை முடியுமிடத்தில் ஒரு பலகை நின்றது. பலகைக்கு அப்பால் நீரோசை கேட்டது. பெரியவர் பின்தங்கிய மாணவர்களோடு வந்துகொண்டிருந்தார். முன்னே விரைந்த பன்னிருவரும் எம் முகத்தை நோக்கினர். “பாட்டில் படித்த சுனையை நேரில் காட்டுகிறோம், வாருங்கள்” என்று கூறிப் பலகையைக் கடந்தோம். அச்சொல்லைச் சொன்னது மாணவர் அல்லர், ஆசிரியராகிய நாமே.

இடையில் ஓர் ஓடை. கணுக்கால் அளவு நீர், சிரித்துக்கொண்டே கடந்தோம். சுனை அழகாகத்தான் இருந்தது. அங்கே ஒரு மணி நேரம் பாட்டும் படம்பிடிப்புமாகக் கழிந்தது. அஸர் நேரம் கடந்து மீண்டபோது ஓடை இருந்த இடத்தில் ஓர் ஆறு ஓடிற்று. எம் தலைக்கு மேல் ஒரு துளி மழையும் பெய்யவில்லை. மலையுச்சியில் எங்கோ பெய்த மழை இடுப்பளவுச் செந்நீராய்ப் பாறைகளில் மோதிக்கொண்டிருந்தது. “நான் கடந்து காட்டுகிறேன் சார்” என்று ஒரு மாணவர் இறங்கினார். தடுக்கக் கை நீட்டுமுன் வழுக்கி விழுந்தார். இருவர் பாய்ந்து பற்றிக் கரையேற்றினர். உயிர் தப்பியது, கணுக்கால் எலும்பு முறிந்தது.

மறுகரையில் பெரியவர் தோன்றினார். கடக்க வேண்டா என்று கையால் காட்டிவிட்டு மேல்நோக்கிச் சென்றவர், அரைமணி நேரத்தில் எமக்குப் பின்புறத்திலிருந்து வந்தார். ஓடை அகன்று ஆழங்குறையும் இடம் ஒன்றை அவர் அறிந்திருந்தார். அடிபட்ட மாணவரைத் தம் தோளிலும் மற்றொருவர் தோளிலுமாகத் தாங்கி, அவ்வழியே நடத்தினார். மஃக்ரிப் வேளை, இருள் கவிந்தது. ஓரிடத்தில் அவர் கையை உயர்த்த, அனைவரும் நின்றோம். முன்னால் யானைத்தாரை. மூங்கில் முறியும் ஓசையும், ஈரமண்ணோடு கலந்த ஒருவகை வாடையும் மட்டுமே எமக்கு எட்டின. உருவம் ஒன்றும் கண்ணுக்குப் புலப்படவில்லை. இருபது நிமிடம் பதின்மூவர் மூச்சை அடக்கி நின்றோம். அடிபட்ட மாணவர் தம் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினார். அவ்விருபது நிமிடத்தில் நாம் கற்றதைப் போல எந்நூலிலும் கற்றதில்லை.

ஆபத்து நீங்கிய பின் பெரியவர் மெல்லக் கேட்டார்: “சாருக்கு வழி தெரியுமுன்னு போனீங்களா?”

“இந்த மாதிரி வழியைப் பற்றிப் படித்திருக்கிறேன்” என்று வாய் தவறிக் கூறிவிட்டோம்.

அவர் நகைக்கவில்லை. “ஓடையில தண்ணி கலங்கி, சருகு மிதந்து வந்தா மேலே மழைன்னு அர்த்தம். உடனே கரையேறிரணும். அது அந்தப் படிப்புல இல்லையா சார்?” என்றார். சற்று நடந்தபின், “பலகை வச்சிருக்கிறது நீங்க விழாம இருக்கிறதுக்கு மட்டுமில்ல. அந்தி சாயும்போது அந்தச் சுனைக்கு மிளா வரும், வேற சிலதும் வரும். ஆள் சத்தம் கேட்டா தண்ணி குடிக்காமத் திரும்பிப் போயிரும். அதுகளுக்கு வேற எங்க போகத் தெரியும்?” என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் அம்மாணவரின் தாயார் எம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. “அவங்க வாப்பா துபாயில இருக்காங்க. புள்ளைய உங்கள நம்பித்தான் அனுப்பினேன் சார்” என்று மட்டும் கூறினார். அதைவிடக் கடிந்துரைத்திருக்கலாம். அம்மாணவர் ஆறு மாதம் தாங்கித் தாங்கி நடந்தார். கல்லூரி மாடிப்படியில் அவர் ஏறுவதைக் காணும்போதெல்லாம் நாம் தலைகுனிந்து கடந்தோம். பெரியவர் எம் செயலைப் பற்றி மேலிடத்தில் புகார் எதுவும் கூறவில்லை என்று பின்னர் அறிந்தோம். கூறியிருக்க வேண்டும் என்பதே இன்று எம் கருத்து.

அதன் பின்னரே அப்பள்ளத்தாக்கைப் பற்றிப் படிக்கத் தலைப்பட்டோம். 1962 இல் முண்டந்துறையும் 1976 இல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988 இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதற்புலிகள் காப்பகம் அமைந்தது. அதனை உள்ளடக்கி 2001 இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016 இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழையையும் பெறும் மலை அது. பெய்யும் மழை நேரே மண்ணில் அறைவதில்லை; மேலே இலைகள் தடுக்கின்றன, கீழே சருகு மெத்தை ஏற்கிறது, வேர்கள் உறிஞ்சி மண்ணுக்குள் இறக்குகின்றன. அங்கே தேங்கிய நீரே மழை ஓய்ந்த மாதங்களிலும் சிறு சிறு ஊற்றாய்க் கசிந்து ஓடையாகிறது. வெடிப்பலா மரத்தை நம்பிச் சிங்கவால் குரங்கு வாழ்கிறது, காட்டுப் பழங்களை உண்டு இருவாச்சிப் பறவை விதை பரப்புகிறது, விதை மரமாகிறது, மரம் நீரைப் பிடித்து வைக்கிறது. தந்தையார் அருவிக்கரையில் ஒரே வாக்கியத்தில் கூறியதன் விரிவுரையே இவை யாவும்.

எனினும் காட்டைக் காப்பது என்பது பலகை நாட்டுவதோடு முடிவதன்று. மூடப்படும் ஒவ்வொரு பாதையும் யாரோ ஒருவரின் பிழைப்புப் பாதையாக இருந்திருக்கும். களக்காடு, முண்டந்துறை அடிவாரச் சிற்றூர்ப் பெண்கள் விறகுக்கட்டுச் சுமந்து இறங்கிய ஒற்றையடிப் பாதைகள் எத்தனையோ. 1990களின் நடுப்பகுதியில் அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டுக் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. விறகை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான கடனுதவி கிடைத்தது. மேலே அவர்கள் விட்டுக்கொடுத்த பாதையின் பயனைக் கீழே நாம் குழாயைத் திறந்து குடிக்கிறோம் என்பதை நகரத்தார் எத்துணைப் பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ஈண்டு பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களை நினைவுகூர்தல் பொருந்தும். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கி போன்ற சிறு காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தியவர் அவர். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலில் தயங்கி நின்றார். அன்று திறந்த கதவே அவர்தம் வாழ்வை மாற்றிற்று. 1933 இல் திருவாங்கூர், கொச்சி மலைகளில் பறவைகளைத் தேடி நடந்தார். பின்னாளில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்ட முனைந்தபோது, அக்காட்டைக் காக்கக் குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். அப்பள்ளத்தாக்கு 1984 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தவறொன்றைச் செய்த சிறுவன் வினா ஒன்றைக் கேட்கவும் கற்றமையால் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒரு காவலர் கிடைத்தார். எம் தவறுக்குப் பின் எமக்கு ஆறுதல் அளித்த வரலாறு அது.

காட்டுவழியில் நடப்பதே குற்றம் என்று கூறுவோர் உளர்; நடப்பது எம் உரிமை என்று கூறுவோரும் உளர். இரு சாராரும் சிந்திக்கத்தக்க நிகழ்ச்சிகள் சில உண்டு. தேக்கடியில், பெரியாற்றுக் காட்டுக்குள் கள்ளத்தனமாக மரப்பட்டை உரித்தும் வேட்டையாடியும் வந்தவர்கள், 1998 முதல் அக்காட்டின் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். நடக்க வருவோர் தரும் கட்டணம் அவர்களுக்கு வாழ்வாயிற்று. அவர்களுடைய நடை காட்டுக்குக் காவலாயிற்று. முறையான நடை காட்டை வாழ்விக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. மறுபுறம், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பெரும்பாலோர் இளைஞர்கள். அச்செய்தியைப் படித்த இரவு நாம் உறங்கவில்லை. ஓடைக்கரையில் நின்ற பன்னிரண்டு முகங்களே கண்முன் வந்தன. அதன் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் பதினான்கு மாவட்டங்களில் நாற்பது வழித்தடங்களைத் தமிழக அரசு முறைப்படுத்தி அறிவித்தது. உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டமை போற்றத்தக்கது.

பொதிகையின் உச்சியாகிய அகத்தியர் கூடத்துக்குக் கேரளத்துப் போனக்காட்டிலிருந்து ஆண்டின் தொடக்க வாரங்களில் வரையறுத்த எண்ணிக்கையினரை அனுமதிப்பர். அவ்வழி நெடுங்காலம் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தது. 2018 இறுதியில் கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்க, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்பவர் ஏறிச் சென்றார். அங்கு வாழும் காணி மக்களுக்கு அதில் மனக்குறை இருந்தது. ஆயினும் அம்மகளிர் யாரும் இரவில் ஒளிந்து ஏறவில்லை. நீதிமன்றத்தின் வாயிலில் நின்று முறையாகத் தட்டினர். திறந்தபின் முன்வாயில் வழியே சென்றனர். பலகையைத் தாண்டுவதற்கும் கதவைத் தட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது.

ஒரு நிலப்பரப்பை ஒதுக்கி வைத்துக் காப்பது நம் சமுதாயத்துக்குப் புதிய செய்தியன்று. மதீனாவைச் சூழ்ந்த பகுதியில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருந்தார்கள். ‘ஹிமா’ என்னும் பெயரால் மேய்ச்சல் நிலங்களை ஒதுக்கிக் காக்கும் வழக்கமும் அக்காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டது. இஹ்ராம் அணிந்த ஹாஜி வேட்டையாடலாகாது என்பதை நம்மில் அறியாதார் இலர். புனித வழியில் நடப்பவன் அவ்வழியிலுள்ள உயிர்களுக்கு அச்சம் தரலாகாது என்னும் இம்முறையை, நம் ஊர்க் காட்டுவழிக்கும் நாம் ஏன் கொண்டுசெல்லலாகாது?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய மற்றொரு நிகழ்ச்சி. 2019 மார்ச் மாதம் தந்தையார் நோய்ப்படுக்கையில் இருந்தார். ஒரு நாள் காலை, “பாணதீர்த்தத்துத் தண்ணி ஒரு செம்பு கிடைக்குமா தம்பி?” என்று கேட்டார். வேறெதையும் கேட்டறியாத மனிதர். உடனே புறப்பட்டோம். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் தடுத்தனர். தீக்காலமாதலின் உட்காட்டு வழி மூடப்பட்டிருந்தது. காவலர் மரியாதையாகவே மறுத்தார். எமக்கோ சினம் மூண்டது. பிறந்தது முதல் இந்நீரைக் குடித்து வளர்ந்த எமக்கா தடை, சாகக் கிடக்கும் மனிதரின் ஒரு செம்பு நீருக்கா தடை என்று உள்ளம் கொதித்தது. செல்வாக்குள்ள நண்பர் ஒருவரின் எண் கைபேசியில் இருந்தது. அவர் ஒரு சொல் சொன்னால் கதவு திறக்கும் என்பதும் தெரியும். அவரை அழைக்குமுன், தாமதமாகும் என்று தெரிவிக்க வீட்டுக்கு அழைத்தோம். உம்மா தந்தையாரிடம் கொடுத்தார்கள்.

விவரம் முழுதும் கேட்ட தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “ஆள வச்சுத் திறக்க வேண்டாம் தம்பி. அடைச்சு வச்சிருக்காங்கன்னா காரணம் இருக்கும். மேல இருக்கிற தண்ணிதானே கீழ வருது. பாபநாசத்துல ஒரு செம்பு மொண்டுட்டு வா, போதும்” என்றார்.

படித்துறையில் இறங்கினோம். முழந்தாளளவு நீரில் நின்று செம்பை அமிழ்த்தியபோதுதான் அவர் கூறியதன் பொருள் உறைத்தது. நாம் மேலே ஏறிச் செல்ல இயலாத நாளிலும் மேலிருப்பது கீழே எம்மைத் தேடி வந்துகொண்டேயிருக்கிறது; அது தடையின்றி வருவதற்காகவே எம் வழி தடைபட்டிருக்கிறது. அவ்வாற்றின் ஓரத்தில், பரிகாரம் என்று எறியப்பட்ட பழந்துணிகளும் நெகிழிப் பைகளும் கல்லிடுக்கில் சிக்கிக் கிடந்தன. மேலே பூட்டு இல்லாவிடில் அங்கும் இவை சென்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. உம்மா அந்நீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார்கள். தந்தையார் இரண்டு மிடறு குடித்தார். மீதியை வாசலில் நின்ற முருங்கைக்கு ஊற்றச் சொன்னார். பதினொன்றாம் நாள் வஃபாத் ஆனார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

இப்போது மாணவர்களை நடக்க அழைத்துச் செல்லும் வழக்கத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறோம். ஆனால் மலையிலிருந்து அன்று, கீழிருந்து. முதலில் நம் ஊர் ஆற்றங்கரையில் நடக்கிறோம். சாக்கடை எங்கே கலக்கிறது, மணல் எங்கே குழிந்திருக்கிறது, மருத மரம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறோம். சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரி வரை ஒரு நாள் நடை. 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் விருப்பமுள்ளோர் பங்குகொள்கின்றனர். இவற்றை முடித்தோரையே, பருவம் பார்த்து, இசைவு பெற்று, வழிகாட்டியின் பின்னே மலைவழிக்கு அழைத்துச் செல்கிறோம். எத்துணைப் பேர் செல்கிறார்களோ அத்துணைப் பேரும் மீள்கிறார்களா என்று எண்ணுவது ஆசிரியர் கடமை. சென்ற சுவடு தெரியாமல் மீள்கிறார்களா என்று பார்ப்பதும் அவர் கடமையே. பலகை வந்ததும் நாம்தான் முதலில் நிற்கிறோம்.

எம்மை அன்று நடத்திவந்த காணிக்காரப் பெரியவரைச் சில ஆண்டுகளுக்குப் பின் தேடினோம். அவர் மறைந்துவிட்டார் என்றனர். அவருக்கு நாம் முறையாக நன்றி கூறியதில்லை. கணுக்கால் முறிந்த மாணவர் இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியர். சென்ற ஆண்டு அவரே தம் மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்து வந்தார். “சார், பலகை வரைக்கும்தான்” என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம், இம்முறை தலைகுனியாமல் சிரிக்க முடிந்தது.

அருமை மாணவியே, “வழி தப்பாமல் போய் வந்தீர்களா?” என்று நீங்கள் கேட்டதற்கு எம் விடை இதுதான்: தப்பினோம், தப்பியபின் ஒருவர் வழிகாட்டினார். ஆற்றுப்படை என்பது எங்கே கால் வைக்கலாம் என்று கூறுவது மட்டுமன்று; எங்கே கால் வைக்கலாகாது என்று கூறுவதும் ஆகும். பெருங்கௌசிகனார் கூறியதும் அதுவே. காட்டில் அப்பெரியவர் கூறியதும், நோய்ப்படுக்கையில் எம் தந்தையார் கூறியதும் அதுவே. இம்மூவரில் ஒருவரே கற்றறிந்த புலவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரும் தை மாதத்தில் நம் துறை மாணவர்கள் மீண்டும் ஆற்றங்கரையில் நடக்க இருக்கிறார்கள். சமுதாயப் பெரியோர்களும் பெற்றோர்களும் தம் பிள்ளைகளை நம்பி அனுப்ப வேண்டுகிறோம். அந்நம்பிக்கையின் எடை எவ்வளவு என்பதை ஒரு தாயார் எமக்கு ஒரே வாக்கியத்தில் உணர்த்தியிருக்கிறார்.